யூலை முதலாம் திகதி வந்த அம்மப்பா



சென்ற மாத வரலாற்று உரையில் நான் சொன்ன ஆர்மேனியப் பெரியவரின் கதையை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்காபரோவில் பொதி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். என்னோடு ஒரே மேசையில் நின்று வேலை செய்தவர் ஓர் ஆர்மேனியப் பெண். கனடா தினத்துக்கு முதல் நாள், "விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டேன். "ஜோர்ஜ்ரவுணுக்கு. நாளைக்குத்தான் என் அம்மாவின் அப்பா இந்த நாட்டுக்கு வந்த நாள்" என்றார். ஏதோ தற்செயல் என்று நினைத்தேன். பிறகு மதிய இடைவேளைகளில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதையும், நான் பின்னர் நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் முழுக் கதையும் விளங்கியது.

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதி, ஓட்டோமன் அரசு கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்த ஆர்மேனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், சமூகத் தலைவர்கள் என்று நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தது. முதலில் பேசக் கூடியவர்களை இல்லாமல் செய்தார்கள். பிறகு ஊர் ஊராக மக்களைக் கிளப்பி சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்க வைத்தார்கள். கொல்லப்பட்டும், பட்டினியாலும், நோயாலும் இறந்தவர்கள் 15 இலட்சம் வரை என்று கணக்கிடப்படுகிறது. எஞ்சியவர்களில் பல்லாயிரக்கணக்கானோர் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் இந்த அம்மப்பா. தான் பிறந்த திகதி அவருக்குத் தெரியாது. அதிகாரி ஒருவர் முகத்தைப் பார்த்து ஒரு வயதை எழுதியிருக்கிறார். அந்த வயதோடுதான் கடைசிவரை வாழ்ந்தார். கைவிட்டுப் போன பத்திரங்களுக்குப் பதிலாக ஏதோ ஒரு திகதியை எழுதிக்கொண்டு வந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் கனடாவின் கதவு அகதிகளுக்குத் திறந்திருக்கவில்லை. ஆர்மேனியர்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் குடிவரவுப் பிரிவினர் அவர்களை 'ஆசியர்' என்ற பட்டியலில் போட்டிருந்தார்கள். ஆசியர் என்றால் கையில் 200 டொலர் காட்ட வேண்டும், பிறந்த நாட்டிலிருந்து இடையில் இறங்காமல் நேரே வந்திருக்க வேண்டும் என்று 1908இல் விதிகள் போடப்பட்டிருந்தன. நேரே வரவேண்டும் என்ற இதே விதிதான் 1914இல் கொமகாட்டா மாரு கப்பலில் 376 பேரோடு வந்த இந்தியர்களுக்கும் எதிராகப் பாவிக்கப்பட்டது. அவர்களில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்கள் வான்கூவர் துறைமுகத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஊரை விட்டு ஓடி, மூன்று நாடு சுற்றி வரும் அகதியால் எப்படி நேரே வர முடியும்? இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கனடா ஏற்றுக்கொண்ட ஆர்மேனியர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கிடைத்த ஒரு சிறிய விலக்குத்தான் ஜோர்ஜ்ரவுண். கனடாவின் ஆர்மேனிய நிவாரணச் சங்கம் ரொறொன்ரோவுக்கு மேற்கே, ஜோர்ஜ்ரவுணுக்கு அருகில் ஒரு பண்ணையை ஏற்பாடு செய்தது. பையன்களுக்கு விவசாயம் பழக்கி, பண்ணை வேலையாட்களாக ஆக்குவது என்ற ஏற்பாட்டில் அரசு இணங்கியது. கிரேக்கத்தின் கோர்பு தீவில் இருந்த அனாதை இல்லத்திலிருந்து முதல் ஐம்பது பையன்கள் 1923 யூலை முதலாம் திகதி அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த ஐம்பதில் ஒருவர் அம்மப்பா. 1927க்குள் இப்படி வந்த பையன்கள் சுமார் 110 பேர். சிறு தொகைப் பெண் பிள்ளைகளும் வந்து வீட்டு வேலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அங்கே நடந்த ஒரு சம்பவம் என் மனதை விட்டுப் போகவில்லை. உச்சரிக்கக் கஷ்டம் என்றும், இனி இதுதான் உங்கள் நாடு என்றும் சொல்லி, பண்ணையை நடத்தியவர்கள் பையன்களுக்கு ஆங்கிலப் பெயர்கள் வைக்கப் பார்த்தார்கள். பையன்கள் மறுத்துவிட்டார்கள். உடுப்பு வேறொருவர் கொடுத்தது, உணவு வேறொருவர் கொடுத்தது, மொழியும் புதிது. தாய் தகப்பன் கொடுத்ததில் அவர்களிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். கடைசியில் பெயர் மாற்றும் யோசனை கைவிடப்பட்டது.

நேயர்களே, அந்தத் தொழிற்சாலையில் என் பெயரின் முதல் மூன்று எழுத்தைத்தான் நேர அட்டையில் எழுதினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் காரணமில்லை, சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கிறது.

பண்ணையில் பழகிய பிறகு பையன்களை ஒன்ராறியோ விவசாயிகளிடம் அனுப்பினார்கள். சில வீடுகளில் சொந்தப் பிள்ளைபோல நடத்தினார்கள். சில வீடுகளில் சம்பளம் குறைந்த கூலியாளாக மட்டும் பார்த்தார்கள். அம்மப்பாவுக்கு இரண்டும் வாய்த்ததாம். முதல் வீட்டில் தொழுவத்துக்கு மேலே படுக்கை, இரண்டாவது வீட்டில் மேசையில் இடம். "கனடா என்னைக் காப்பாற்றியது. கனடா என்னை அழவும் வைத்தது" என்று சொல்லுவாராம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்ததில்லையாம். பின்னாளில் அவர் மற்றப் பலரைப் போலவே பண்ணையை விட்டு நகரத்துக்கு வந்து, தொழிற்சாலையில் வேலை செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கூட வந்த பையன்களை அவரது பிள்ளைகள் மாமா என்றே கூப்பிட்டு வளர்ந்தார்கள். வேறு மாமாமார் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆனால் 1923க்கு முந்தியதைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறக்கவில்லை. மகள் கேட்டால், "சாப்பிட்டாயா?" என்று பேச்சை மாற்றுவார். அவர் 1984இல் கண் மூடினார். பெட்டியில் இருந்தது கோர்புவில் எடுத்த ஒரு படம் மட்டும். மூன்று வரிசைப் பையன்கள், எல்லோருக்கும் மொட்டைத் தலை. அதில் அம்மப்பா எவர் என்று வீட்டில் ஒருவருக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பையன்களில் ஒருவரான ஜாக் அப்ரமியன் மற்றவர்களின் நினைவுகளையும் சேர்த்து 1976இல் ஒரு புத்தகம் எழுதினார். பெயர் மாற்ற மறுத்த கதை நமக்குத் தெரிவது இப்படி எழுதி வைத்தவர்களால்தான். கனடியப் பாராளுமன்றம் 2004 ஏப்ரலில் ஆர்மேனிய இனப்படுகொலையை ஏற்றுக்கொண்டது. சம்பவம் நடந்து 89 ஆண்டுகளுக்குப் பிறகு! அதற்குள் சாட்சி சொல்லக் கூடியவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். எழுத்தும் படமும் ஒலிப்பதிவும்தான் அவர்களுக்காகப் பேசின.

எழுதி வைப்பது ஆர்மேனியர்களுக்குப் பழைய பழக்கம். உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது ஆர்மேனியாவில் அல்ல, நம் சென்னையில்! சென்னையில் அவர்களது தேவாலயம் இருக்கும் தெருவை மக்கள் 'அரண்மனைக்காரத் தெரு' என்கிறார்கள். ஆர்மேனியக்காரர் என்ற சொல் நம் நாவில் அப்படித் திரிந்துவிட்டது. இதைச் சொன்னபோது அந்தப் பெண் நெடுநேரம் சிரித்தார். "அரண்மனையா! எங்களுக்கா!" என்றார்.

என் அப்பா மூன்று தடவை இடம்பெயர்ந்தவர். ஒவ்வொரு தடவையும் வீட்டுத் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஓய்வாகக் கேட்கலாம் என்று இருந்தேன். போன மார்கழியில் அவர் காலமானார். திறப்பு என் மேசை இலாச்சியில் இருக்கிறது. அது எந்த வீட்டினுடையது என்று எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருந்து கேளுங்கள். பெரிய கேள்வி வேண்டாம். கிணறு எந்தப் பக்கம் இருந்தது, பள்ளிக்கு யாரோடு போனீர்கள், புறப்பட்ட அன்று அடுப்பில் என்ன இருந்தது என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். படங்களின் பின்பக்கம் பெயர்களை எழுதுங்கள். அவர்கள் பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், இன்னொரு நாள் கேளுங்கள்.

ஜோர்ஜ்ரவுண் பண்ணை இருந்த இடம் இன்று சீடர்வேல் பூங்கா. பிள்ளைகளோடு ஒருமுறை போய் வாருங்கள்.