இதயவழி அதிர்ச்சி

இதயவழி அதிர்ச்சி (கார்டியோஜெனிக் ஷாக்) என்பது இதயம் போதிய குருதியை வெளியேற்ற இயலாததால் உடல் உறுப்புகளுக்கு ஆக்சிசன் கிடைக்காமல் போகும் உயிராபத்தான நிலையாகும். இங்கு அதிர்ச்சி என்பது மன அதிர்ச்சியைக் குறிப்பதன்று. மாரடைப்பே இதன் முதன்மைக் காரணமாகும். மாரடைப்புக்கு உள்ளானோரில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு இது ஏற்படுகிறது. சிகிச்சை பெற்றாலும் இவர்களில் 40 முதல் 50 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறக்கின்றனர்.

தோன்றும் விதம்

முடியுருத் தமனி அடைபடும்போது அது ஊட்டும் இதயத்தசை இறக்கத் தொடங்குகிறது. இடது கீழறைத் தசையில் ஏறத்தாழ 40 விழுக்காடு செயலிழந்தால் குருதி அழுத்தம் வீழ்கிறது. இதனால் இதயத்தசைக்கே செல்லும் குருதியும் குறைந்து, இதயம் மேலும் தளர்கிறது. இந்த நச்சுச் சுழலை முறிப்பதே சிகிச்சையின் நோக்கமாகும். சிலரில் இதய இடைச்சுவர் கிழிதல், ஈரிதழ் வால்வு பழுதடைதல் ஆகியவற்றாலும் இந்நிலை தோன்றும். இவற்றுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

அறிகுறிகள்

- சுருக்க அழுத்தம் 30 நிமிடங்களுக்கு மேலாக 90 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ் இருத்தல்
- குளிர்ந்து வியர்த்த தோல்
- சிறுநீர் குறைதல்
- மனக்குழப்பம், மூச்சுத்திணறல்
- குருதியில் லாக்டேட்டு அளவு உயர்தல்

சிகிச்சை

அடைப்பு நீக்கம்

அடைபட்ட தமனியை விரைந்து திறப்பதே சிகிச்சையின் அடிப்படையாகும். இது பலூன் மற்றும் ஸ்டென்ட் மூலமோ, மாற்றுவழி அறுவை மூலமோ செய்யப்படும். 1999இல் வெளியான 'ஷாக்' ஆய்வில் 302 நோயாளிகள் பங்கேற்றனர். 30ஆம் நாளில் இரு பிரிவினரின் இறப்பிலும் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் ஆறு மாத முடிவில், முதலில் மருந்துகளால் மட்டும் நிலைப்படுத்தப்பட்டோரில் 63.1 விழுக்காட்டினரும், உடனடியாக அடைப்பு நீக்கப்பட்டோரில் 50.3 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். பல தமனிகளில் அடைப்பு இருப்பினும், முதலில் மாரடைப்புக்குக் காரணமான தமனியை மட்டும் திறப்பதே மேல் என 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வசதி அற்ற மருத்துவமனைகளில் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்து, நோயாளியை வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவதுண்டு.

மருந்துகள்

குருதி அழுத்தத்தை உயர்த்தப் பெரும்பாலும் நோரெபிநெப்ரின் தரப்படுகிறது. 2010இல் வெளியான ஆய்வில், இவ்வகை நோயாளிகளிடையே டோபமின் பெற்றோரில் இறப்பு கூடுதலாக இருந்தது. இதயச் சுருக்கத்தை வலுப்படுத்த டொபியூட்டமின் பயன்படுத்தப்படுகிறது. மிகையான நீர்மம் ஏற்றுவது நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும்.

இயந்திரத் துணை

பெருந்தமனியில் வைக்கப்படும் பலூன் கருவி 1960களின் பிற்பகுதியிலிருந்து பரவலாகப் பயன்பட்டது. எனினும், 600 பேரைக் கொண்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில் அது இறப்பைக் குறைக்கவில்லை. குருதியை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிசன் ஏற்றும் கருவியை வழமையாகப் பயன்படுத்துவதும் 2023ஆம் ஆண்டு ஆய்வில் பலன் தரவில்லை. மாறாக, இடது கீழறைக்குள் செலுத்தப்படும் நுண் குருதியேற்றி, தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளில் 180 நாள் இறப்பை 58.5 விழுக்காட்டிலிருந்து 45.8 விழுக்காடாகக் குறைத்ததை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் குருதிப்போக்கு, காலுக்குக் குருதி தடைபடுதல் ஆகிய சிக்கல்கள் இக்கருவி பொருத்தப்பட்டோரில் மிகுந்திருந்தன.