ஆட்சியாளர் பறந்த வழி: வன்னியும் இலங்கை விமானப்படையின் ஹெலிகொப்டர்களும்

நாட்டுத் தலைவர்களை ஹெலிகொப்டரில் ஏற்றிச் செல்லும் இராணுவ விமானிகளின் தொழிலை எழுதப் புகுவோர் தலைநகரிலிருந்தே தொடங்குவது வழக்கம். இலங்கையைப் பொறுத்தவரை அத்தொழிலின் வரலாற்றை வன்னியிலிருந்து பார்ப்பதே தகும். மாங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி முல்லைத்தீவுக் கடலை நோக்கிச் செல்லும் ஏ-34 வீதியில், முள்ளியவளையோடு ஒட்டிக் கிடக்கும் தண்ணீரூற்றுப் போன்ற ஊர்களின் மேலாகவே, நாற்பது ஆண்டுக் காலத்தில் ஒரே விமானப்படையின் ஹெலிகொப்டர்கள் தாக்குதலுக்கும் வந்தன, சமாதானத் தூதுக்கும் வந்தன, வெற்றிக்குப் பின் ஆட்சியாளரைச் சுமந்துகொண்டும் வந்தன. கொழும்பின் பதிவேடுகளில் இவை தனித்தனிப் பணிகள். கீழே நின்ற மக்களுக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஒரே ஒலியே.

உலக அளவில் இத்தொழிலுக்கு வயது அதிகமில்லை. 1957 ஜூலை 12 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், அணுத் தாக்குதல் ஒன்று நிகழ்ந்தால் தலைநகரை விட்டு வெளியேறுவது எவ்வாறு என்று பார்க்கும் ஒத்திகையின்போது, வெள்ளை மாளிகையின் புற்றரையிலிருந்து பெல் எச்-13 ரகச் சிறு ஹெலிகொப்டரில் புறப்பட்டார். அதைச் செலுத்தியவர் விமானப்படை மேஜர் ஜோசப் பரெட். அதன் பின் அப்பணியைத் தரைப்படையும் மரைன் படையும் பகிர்ந்து செய்துவர, 1976 முதல் அது மரைன் படைக்கே உரியதாயிற்று. பிரித்தானியாவிலோ தயக்கம் நீடித்தது. 1967 டிசம்பரில் அரச குடும்பத்தை ஏற்றிச் செல்லும் விமானப் பிரிவின் வேர்ல்விண்ட் ஹெலிகொப்டர் ஒன்று, சுழலியைத் தாங்கும் தண்டு முறிந்து விழுந்ததில், அப்பிரிவின் தலைவர் உட்பட உள்ளே இருந்த அனைவரும் இறந்தனர். எலிசபெத் அரசி முதன்முதலாக ஹெலிகொப்டரில் ஏறியது பத்து ஆண்டுகள் கழித்து, 1977 இல், கலவரம் சூழ்ந்த வட அயர்லாந்துக்குச் சென்றபோதுதான். தரைவழி பாதுகாப்பற்றது என்று அரசு கருதும் இடத்துக்கே தலைவர்கள் வான்வழியாகப் போகிறார்கள் என்பதை அப்பயணமும் காட்டுகிறது. வன்னியின் கதையும் அங்கிருந்தே விளங்கத் தொடங்குகிறது.

1951 மார்ச் 2 அன்று தோற்றுவிக்கப்பட்ட அரச இலங்கை விமானப்படைக்கு 1950களின் நடுப்பகுதியில் வெஸ்ட்லாந்து டிராகன்ஃபிளை ரக ஹெலிகொப்டர்கள் கிடைத்தன. 1957 ஆம் ஆண்டின் கடைசியில் பெருமழையால் குளங்கள் உடைத்து வட பகுதியும் வடமத்திய பகுதியும் வெள்ளத்தில் மூழ்கியபோது ஹெலிகொப்டர்கள் உணவும் மருந்தும் கொண்டு வந்தன. அமெரிக்கக் கடற்படையின் பிரின்ஸ்டன் கப்பலிலிருந்தும் ஹெலிகொப்டர்கள் அப்பணிக்கு வந்து சேர்ந்தன. உலர்வலயத்து மக்களுக்கும் இவ்வூர்திக்கும் நேர்ந்த தொடக்ககால உறவு உதவியாகவே இருந்தது என்பதைப் பின்னால் நடந்தவற்றுக்காக மறந்துவிடலாகாது.

அரசுத் தலைவரையும் அமைச்சர்களையும் வெளிநாட்டு விருந்தினரையும் ஏற்றிச் செல்லும் பொறுப்பு, 1960களில் உருவான நான்காம் இலக்க ஹெலிகொப்டர் படையணியிடம் வந்து சேர்ந்தது. படையணி என்பது ஒரே வகைப் பணிக்கென ஒதுக்கப்பட்ட வானூர்திகளும் விமானிகளும் பொறியாளர்களும் சேர்ந்த அலகு. ஆனால் சிறிய நாடு ஒன்றில் அந்த ஒதுக்கீடு தாளில் மட்டுமே நிலைக்கக்கூடியது. 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தவுடன் பிரமுகர்களைச் சுமந்த பெல் ஜெட்ரேஞ்சர்களே படையினரையும் வெடிபொருளையும் சுமந்தன. கிளர்ச்சி அடங்கிய பின் அதே விமானப்படை, ஹெலிடுவர்ஸ் என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிப் பறந்தது. 1978 இல் ஜே.ஆர். ஜயவர்தன நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானதோடு இப்பணியின் எடை கூடிற்று. அரசின் அதிகாரமெல்லாம் ஒரு மனிதரில் குவிந்த அமைப்பில், அம்மனிதர் எங்கே இறங்குகிறார் என்பதே அரசியல் செய்தியாகிவிடும். அவரை இறக்கும் விமானியின் தவறு ஆட்சியையே வெற்றிடமாக்கிவிடவும் கூடும்.

1980களின் நடுப்பகுதியில் அரசு வாங்கிய பெல் 212 ரக ஹெலிகொப்டர்கள், இரண்டு இயந்திரங்களும் பதினான்கு பேர் அளவுக்கு இருக்கைகளும் கொண்டவை; ஓர் இயந்திரம் நின்றாலும் மற்றதன் வலுவில் தரையிறங்கலாம் என்பதால் பிரமுகர் பயணத்துக்கு மிகவும் ஏற்றவை. அவற்றின் பக்கக் கதவுகளில் இயந்திரத் துப்பாக்கியும் உந்துகணைக் கூடுகளும் பொருத்தப்பட்டபோது அவையே தாக்குதல் ஊர்திகளாயின. வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த ஒரு தலைமுறை ‘ஹெலி’ என்ற சொல்லைக் கேட்டதும் பங்கரைத் தேடி ஓடியது இக்காலத்தில்தான். வயலில் நின்றவர் வரப்போரம் படுப்பதும், பாடசாலைப் பிள்ளைகள் மரநிழலுக்குள் ஒடுங்குவதும், வெள்ளைச் சட்டையை உடனே கழற்றிவிடுவதும் எவரும் எழுதிவைக்காமலே பழகிப்போன ஒழுங்குகளாயின. 1993 இல் ரஷ்யத் தயாரிப்பான எம்.ஐ.-17 ஊர்திகளும், 1995 இல் எம்.ஐ.-24 தாக்குதல் ஊர்திகளும் வந்த பிறகே சண்டைப் பணியும் பிரமுகர் பணியும் ஓரளவுக்கேனும் பிரிந்தன.

இதற்கிடையில், ஹெலிகொப்டர் தூது வாகனமான நிகழ்ச்சிகள் இரண்டு நடந்தன. 1987 ஜூலை 24 அன்று, யாழ்ப்பாணம் சுதுமலையில் இந்திய விமானப்படையின் ஹெலிகொப்டர்கள் இறங்கி, விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனை ஏற்றிச் சென்றன. டெல்லியில் அவருக்குக் காத்திருந்தது இந்திய இலங்கை உடன்பாடு. இரண்டு ஆண்டுகள்கூடக் கழியாமல் 1989 மே மாதத்தில், ஜனாதிபதி பிரேமதாச அனுப்பிய இலங்கை விமானப்படை ஹெலிகொப்டர் முல்லைத்தீவுக் காட்டுப்புறத்துக்கு வந்து புலிகளின் பேச்சாளர்களைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்றது. புலிகள் தரப்பில் பேச்சுக்கெனக் கொழும்புக்கு வந்திருந்த அன்ரன் பாலசிங்கமும் பின்னர் அவ்வழியே காட்டுக்குள் வந்து தம் தலைவரைச் சந்தித்தார். அப்போது அந்தக் காடுகளைச் சுற்றி நின்றது இந்திய அமைதி காக்கும் படை. இலங்கை அரசின் விமானி, இன்னொரு நாட்டின் படை முற்றுகையிட்டிருந்த காட்டில், நேற்றுவரை தன்மீது சுட்டவர்களை நம்பி இறங்க வேண்டியிருந்தது. இலங்கை விமானப்படையின் வரலாற்றில் அதைவிட விந்தையான பறப்பு அரிது.

அத்தகைய இறங்குதல் எதைக் கோருகிறது என்பதை வன்னி நிலத்தை அறிந்தவர்களே சரியாக மதிப்பிட முடியும். மாசி தொடங்கிப் புரட்டாதிவரை காய்ந்து கிடக்கும் மைதானத்தில் ஹெலிகொப்டர் தாழ இறங்கும்போது சுழலி கீழே தள்ளும் காற்று மணலையும் கிறவல் தூசியையும் கிளப்பி ஊர்தியையே மூடிவிடும். நிலம் எங்கே, சாய்வு எவ்வளவு என்று கண்ணால் அறிய முடியாத அந்தச் சில நொடிகளில்தான் விபத்துகள் நேர்கின்றன. ஆகவே, முக்கியப் பிரமுகர் ஒருவர் வருவதற்கு முன்பே விமானிகள் இடத்தை வந்து பார்ப்பார்கள்; மைதானத்தின் ஓரத்துப் பனையும் தென்னையும் மின்கம்பியும் எந்தத் திசையில் நிற்கின்றன, காற்று எப்பக்கமிருந்து வரும், ஓர் இயந்திரம் நின்றால் எங்கே விலகி இறங்கலாம் என்று குறித்துக்கொள்வார்கள். அன்று காலை பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தரையை நனைப்பதும், நடுவில் வெள்ளை அடையாளம் இடுவதும், காற்றுத் திசையைக் காட்டப் புகை எழுப்புவதும், தீயணைப்பு வண்டியையும் அம்புலன்சையும் ஓரமாக நிறுத்துவதும் வழமை. பிரமுகர் எந்த ஊர்தியில் இருக்கிறார் என்பது வெளியே தெரியாதபடி ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்திகள் சேர்ந்து பறப்பதும் உண்டு.

ஆயுத அச்சுறுத்தல் இவை அனைத்தையும் மாற்றியமைத்தது. 1995 ஏப்ரல் கடைசியில் பலாலி அருகே இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணையால் வீழ்த்தப்பட்ட பின், வடபுல வானில் உயரப் பறப்பதே ஆபத்தாயிற்று. கடல்மட்டத்தையும் மர உச்சியையும் ஒட்டித் தாழப் பறக்கும் முறையை ஹெலிகொப்டர் விமானிகள் கைக்கொண்டார்கள். தாழப் பறந்தால் ஏவுகணைக்கு இலக்கைப் பற்ற நேரம் போதாது. ஆனால் பறவைக்கும் கம்பிக்கும் துப்பாக்கிக்கும் எட்டும். 1997 நவம்பரில் கொக்கிளாய்க் கடலோரத்தில் எம்.ஐ.-24 ஒன்று வீழ்ந்தது. 2007 பெப்ரவரி 27 அன்று மட்டக்களப்பில் வெளிநாட்டுத் தூதர்களை ஏற்றிவந்த விமானப்படை ஹெலிகொப்டர்கள் இறங்கிய வேளையில் மோட்டார் குண்டுகள் விழுந்து அமெரிக்க, இத்தாலியத் தூதர்கள் காயமடைந்தனர். வானில் இருக்கும்போதல்ல, தரையைத் தொடும் வேளையிலேயே பிரமுகர் ஊர்தி மிகவும் பலவீனமாக இருக்கிறது என்ற பாடத்தை அது உறுதிப்படுத்தியது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதும் வன்னி வானம் வேறொன்றாக மாறிற்று. மார்ச் 25 அன்று அன்ரன் பாலசிங்கம் மாலைதீவிலிருந்து நீர்விமானத்தில் வந்து இரணைமடுக் குளத்திலேயே இறங்கினார். செப்டம்பரில் தாய்லாந்தில் தொடங்கிய பேச்சுகளுக்குப் புலிகளின் பேராளர்கள் விமானப்படை ஹெலிகொப்டரில் கட்டுநாயக்காவுக்குச் சென்று அங்கிருந்து வெளிநாடு போய் வந்தார்கள். நோர்வே அனுசரணையாளர்களை ஏற்றிவந்த ஹெலிகொப்டர் கிளிநொச்சியில் இறங்குவது பழகிய காட்சியாயிற்று. பல ஆண்டுகளாக ஹெலி ஒலி கேட்டதும் ஓடிய பிள்ளைகள் வளர்ந்து, இப்போது அதைப் பார்க்க வீதியோரம் நின்றார்கள். இந்தக் குறுகிய காலம் வன்னியின் நினைவில் பெற வேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் ஊர்தி எங்கே இறங்கலாம் என்பதை விமானி தீர்மானிப்பதில்லை. 2004 ஆழிப்பேரலையில் முல்லைத்தீவு நகரம் சிதைந்து, உயிர் தப்பியோர் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் தஞ்சம் புகுந்திருந்த நிலையில், 2005 ஜனவரியில் இலங்கைக்கு வந்த ஐ.நா. செயலாளர் நாயகம் கோஃபி அனான் அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் பார்த்தார். முல்லைத்தீவுக்கு அவர் வருவதை அரசு ஏற்கவில்லை. இழப்பின் அளவை வைத்துப் பார்த்தால் அவருடைய ஹெலிகொப்டர் முதலில் இறங்கியிருக்க வேண்டிய இடங்களில் ஒன்று அது. 2006 ஏப்ரலில், கிழக்கிலிருந்த புலிகளின் தளபதிகள் கிளிநொச்சிக்கு வந்து போக விமானப்படை ஹெலிகொப்டர் தர முடியாது என்று அரசு மறுக்க, மாற்று ஏற்பாடுகள் மீதும் இணக்கம் வராமல் ஜெனீவாவில் நடக்கவிருந்த இரண்டாம் சுற்றுப் பேச்சு தள்ளிப்போனது. ஹெலிகொப்டரின் சில இருக்கைகளில் ஒரு சமாதான முயற்சி தங்கி நின்றதும், அவை கிடைக்காமல் போனதும், அந்த ஆண்டுக்குள்ளேயே முழுப்போர் மீண்டதும் ஒரே தொடரில் வைத்து ஆராயத் தக்கவை.

முள்ளியவளையும் தண்ணீரூற்றும் 2008 டிசம்பர் கடைசியில் படையினர் வசமாயின. மக்கள் அதற்கு முன்பே வெளியேறிவிட்டிருந்தனர். 2009 ஏப்ரலில், கடற்கரைத் துண்டொன்றுக்குள் இலட்சக்கணக்கானோர் நெருங்கிக் கிடந்தபோதே, ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச கிளிநொச்சியில் வந்திறங்கிப் படையினரைச் சந்தித்தார். மே 23 அன்று, போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டுச் சில நாட்களே ஆன நிலையில், ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் ஹெலிகொப்டரில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து, பின்னர் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த மணல்திட்டின் மேலாகப் பறந்தார். எரிந்த வாகனங்களும் கருகிய மரங்களும் சிதறிய தறப்பாள் கூடாரங்களும் யன்னலூடாகத் தெரிந்தன. ஊர்தி அங்கே இறங்கவில்லை. அங்கிருந்து கண்டிக்குச் சென்று அவர் ஜனாதிபதியைச் சந்தித்தார். அந்த நிலத்தில் கால் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு உலகத்துக்கு அன்று கிட்டாமல் போனது, பின்னாளில் எத்தனை அறிக்கை எழுதியும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.

2010 ஜூலையில் கிளிநொச்சியில் அமைச்சரவை கூடியது. ஆனால் வன்னிப் பெருநிலப்பரப்பில் நடந்த அரசுத் தலைவர் பயணங்களுள் மிகப் பெருந்திரளான மக்கள் கூடியது 2015 ஜனவரி 14 அன்றுதான். வத்திக்கான் அரசின் தலைவருமான பாப்பரசர் பிரான்சிஸ், காலையில் கொழும்பு காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, பிற்பகலில் ஹெலிகொப்டரில் மடுவுக்கு வந்தார். இரண்டாம் ஜோன் போல் 1995 இல் இலங்கைக்கு வந்தும் மடுவுக்குப் போகவில்லை; போர் அதற்கு இடம் தரவில்லை. 1999 நவம்பரில் ஏவப்பட்ட ஷெல்களுக்கு, தஞ்சம் புகுந்திருந்தவர்களைப் பலிகொடுத்த அதே ஆலய வளவில், தமிழரும் சிங்களவரும் ஒன்றாக நின்று பிரான்சிஸை வரவேற்றார்கள். அந்தப் பறப்பைச் செலுத்திய விமானிகளின் தலைமுறை போரையும் பறந்து கடந்த தலைமுறை என்பதை எண்ணிப் பார்த்தால், அதன் அமைதி இன்னும் துலக்கமாகும்.

பாதுகாப்பு என்பது இத்தொழிலில் என்றுமே முழுமையாகக் கைவருவதில்லை. 2024 மே 19 அன்று ஈரானிய ஜனாதிபதி ரைசி மலைப்பகுதியில் விபத்தில் இறந்தது, இலங்கை பல பத்தாண்டுகள் பறக்கவிட்ட அதே பெல் 212 ரக ஊர்தியில். 2025 மே 9 அன்று விமானப்படையின் பெல் 212 ஒன்று மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வீழ்ந்து ஆறு பேர் உயிரிழந்தனர். அவ்வாறு இறக்கும் இளம் படையினரில் பலர் ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளே என்பதை, அவர்களது சீருடையால் துன்புற்ற மக்களும் அறியாதவர்கள் அல்லர்.

ஆனால் தண்ணீரூற்றுக்கு அண்மையில், நந்திக்கடலின் கரையில் உள்ள கேப்பாப்பிலவில் விமானப்படை நிலைகொண்டது வானத்தில் அல்ல, மக்களின் காணியில். அதன் ஒரு பகுதியான பிலக்குடியிருப்பின் குடும்பங்கள் 2017 ஜனவரி 31 அன்று விமானப்படை முகாமின் வாயிலில் அமர்ந்தன. பெண்களும் குழந்தைகளும் பனியிலும் வெயிலிலும் தறப்பாளுக்குக் கீழ் இருந்து, வேலிக்கு அப்பால் தம் கிணறும் மாமரமும் தெரிவதைக் காட்டிக் காணியைக் கேட்டார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின், மார்ச் 1 அன்று, அக்காணிகள் விடுவிக்கப்பட்டன. உள்ளே சென்றவர்கள் முதலில் செய்தது எல்லைக் கற்களைத் தேடியதும் கிணற்றை இறைத்ததும்தான். கேப்பாப்பிலவின் ஏனைய காணிகளுக்கான போராட்டம் அதன் பின்னும் தொடர்ந்தது.