மறைவாக ஓடும் நீர்

1861-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. நிலத்தடி நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே செல்கிறது என்பது அறிவுக்கு எட்டாத மறைபொருள். ஆகவே அதைக் குறித்துச் சட்ட நெறி வகுத்தல் இயலாது என்பதே அதன் சாரம். விளைவு யாது? தன் நிலத்தில் கிணறு வெட்டியவர் எவ்வளவு நீரையும் இறைக்கலாம். அடுத்தவர் கிணறு வற்றினாலும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அறியாமையே உரிமைச் சாசனமாயிற்று.

ஆயினும் அம்மறைபொருளின் முதல் திரை ஏற்கெனவே விலகியிருந்தது. பிரான்சு நாட்டுத் திஜோன் நகரினரான ஹென்றி டார்சி என்னும் பொறியாளர், தொலைவிலிருந்த ஊற்றின் நீரை 1840-இல் தம் நகருக்குக் கொண்டுவந்தவர். பின்னர், மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அவர் சோதனைகள் நடத்தினார். குழாயின் இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு மிகுந்தால் ஓட்டம் மிகும். மணலின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். 1856-இல் அவர் வெளியிட்ட இவ்விதியே நிலத்தடி நீரியலுக்கு அடித்தளம்.

கிணற்றில் நீர் இறைத்தால் சுற்றிலும் நீர்மட்டம் புனல் வடிவில் தாழும். எவ்வளவு தொலைவில், எத்தனை நாளில், எந்த அளவு தாழும்? வெப்பம் திடப்பொருளில் பரவும் கணிதத்தைத் துணைக்கொண்டு, 1935-இல் அமெரிக்க அறிஞர் சார்லஸ் தைஸ் இதற்கு விடை கண்டார். 1940-இல் அவர் எழுதிய கட்டுரை இன்னும் ஆழமானது. கிணறு தரும் நீர் ஒவ்வொரு துளிக்கும் எங்கோ ஓர் ஈடு உண்டு என்று அவர் காட்டினார். நிலத்துள் இறங்கும் நீர் கூட வேண்டும். அல்லது ஊற்றுக்கும் ஆற்றுக்கும் செல்லும் நீர் குறைய வேண்டும். அல்லது சேமிப்பு கரைய வேண்டும். நான்காவது வழி இல்லை.

இவ்விதிகளைக் கணினி ஏற்றது. நீர்தாங்கிப் பாறையைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் வரவையும் செலவையும் கணக்கிடும் 'மாட்ஃப்ளோ' என்னும் மாதிரியை அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1984-இல் வெளியிட்டது. ஆனால் மாதிரி தானாக உண்மை பேசாது. கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கணக்கில் அளந்த நீர்மட்டத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். கயிறும் நாடாவும் கொண்டு ஒருவர் பொறுமையாகக் குறித்துவைத்த எண்களே அதற்குச் சாட்சி.

அதே 1984-இல், கல் குவாரி ஒன்று நீரை இறைத்ததால் தங்கள் கிணறுகள் பாதிக்கப்பட்டன என அயலார் முறையிட்ட வழக்கில், ஒகையோ நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டது. நீரியல் அறிவு வளர்ந்துவிட்டது. நியாயமற்ற இழப்பை அயலாருக்கு விளைவிப்பவர் இனிப் பொறுப்பேற்க வேண்டும் என்றாயிற்று. திரை முழுதும் விலக நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள் சென்றன.

நம் நாட்டிலும் இக்கேள்வி எழாமலில்லை. 2002-இல் ஏவப்பட்ட இரட்டைச் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பின் நுண்ணிய மாற்றங்களை அளந்தன. 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை இராஜஸ்தான், பஞ்சாப், அரியானா, தில்லி ஆகிய பகுதிகள் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தன என்பது 2009-இல் வெளியான ஆய்வின் முடிவு.

அறியாத காலத்தில் அடுத்தவர் கிணற்றை வற்றச் செய்தவருக்கு ஒரு சாக்கு இருந்தது. அளவுகோல் நம் கையில் இருக்கும்போது அச்சாக்கு நமக்கு இல்லை.