டிம் டீபோ: எறியத் தெரியாதவர் ஜெயித்த கதை

ஒரு ஆள் தன் வேலையின் முக்கியமான பகுதியை ரொம்ப சுமாராகச் செய்கிறார். ஆனால் அவர் வந்த நாளிலிருந்து கம்பெனி லாபத்தில் ஓடுகிறது. அவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா?

2011 கடைசியில் அமெரிக்காவில் டீக்கடை முதல் டிவி வரை (சரி, அங்கே காப்பிக்கடை) இந்தக் கேள்விதான் ஓடியது. ஆள், டிம் டீபோ. வேலை, டென்வர் பிராங்கோஸ் அணியின் குவார்ட்டர்பேக். அப்போது நான் புனேயில் இருந்தபடி டென்வர் வாடிக்கையாளர் ஒருவருக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மாலை போனில் கூடினால் முதல் பத்து நிமிஷம் வேலைப் பேச்சே இருக்காது. எதிர்முனையில் இரண்டு கட்சி. "ஜெயிக்கிறானா இல்லையா?" என்பது ஒன்று. "பந்தை எறியவே தெரியலையே!" என்பது இன்னொன்று. அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே நான் இந்த ஆட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

நம்மில் பலருக்கு அமெரிக்கக் கால்பந்து என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வது என்பதற்கு மேல் தெரியாது. அதனால் ஒரு சின்ன டியூஷன். மைதானம் 100 கஜம். பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் 6 புள்ளி. அதன்மேல் உதைத்து 1 அல்லது ஓடியோ எறிந்தோ 2 எடுக்கலாம். முன்னேற வழி இல்லையென்றால் தூரத்திலிருந்தே கம்பத்துக்கு நடுவே உதைத்து 3 எடுக்கலாம். குவார்ட்டர்பேக்தான் ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்குகிறவர். ஓடுகிறவரிடம் கொடுப்பதா, தூர நிற்பவருக்கு எறிவதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடியில் முடிவு செய்வார். இந்தக் காலத்து ஆட்டத்தில் எறிவதுதான் பிரதானம். எறியத் தெரியாத குவார்ட்டர்பேக் என்றால் ஸ்வரம் நிற்காத பாடகர் மாதிரி.

டீபோ சாதாரண ஆள் இல்லை. பிலிப்பைன்ஸில் மிஷனரி வேலை பார்த்த பெற்றோருக்கு 1987-ல் பிறந்தவர். வீட்டிலேயே படித்தவர். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2007-ல் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். இரண்டாம் வருஷ மாணவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. 2006, 2008 என்று இரண்டு தேசிய சாம்பியன் அணிகளில் இருந்தவர். கண்ணுக்குக் கீழே பூசும் கறுப்பு மையில் பைபிள் வசன எண்களை எழுதிக்கொண்டு ஆடுவார். அதனாலேயே பாதி நாடு அவரைத் தலையில் வைத்து ஆடியது, மீதிப் பாதி முகம் சுளித்தது.

ஆனால் எறியும் விதம்? இடது கைக்காரர். கையைக் கீழே இறக்கிச் சுற்றிக்கொண்டு வந்து எறிவார். அதற்குள் எதிராளி வந்து சேர்ந்துவிடுவான். 2010-ல் டென்வர் அவரை முதல் சுற்றிலேயே, 25-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். தேர்ந்தெடுத்த கோச் ஜாஷ் மெக்டேனியல்ஸ் அந்த டிசம்பரிலேயே வேலையை இழந்தார். 2011-ல் புது கோச்சாக ஜான் ஃபாக்ஸ் வந்தார். நிர்வாகத்துக்கு டென்வரின் பழைய சூப்பர் ஸ்டார் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே வந்தார். முந்தையவர் எடுத்த ஆளைப் புது மேனேஜர் எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த சீசனில் முதல் ஐந்து ஆட்டத்தில் டென்வருக்கு ஒரு வெற்றி, நான்கு தோல்வி. ரசிகர்கள் போட்ட கூச்சலில் டீபோவுக்கு வாய்ப்பு வந்தது. அப்புறம் நடந்ததுதான் கதை.

அக்டோபர் 23, மியாமி. உள்ளூர் அணி, தன் மாநிலத்தின் 2008 கல்லூரி சாம்பியன்களுக்கு அன்று விழா எடுத்திருந்தது. அதாவது எதிரணி டீபோவின் பழைய அணிக்கே மரியாதை! ஆட்டத்தின் பெரும்பகுதி டீபோ எறிந்த பந்துகள் எங்கெங்கோ போயின. மூன்று நிமிஷம்கூட மிச்சமில்லாதபோது ஸ்கோர் 15-0. அங்கிருந்து 15 புள்ளி எடுத்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 18-15 என்று ஜெயித்தார்கள். கடைசி உதை 52 கஜம். உதைத்தவர் மேட் பிரேட்டர்.

அடுத்த வாரமே டெட்ராய்ட்டிடம் 45-10 என்று மரண அடி. டீபோ ஒரு முழங்காலில் குனிந்து பிரார்த்தனை செய்வதை அந்த அணிக்காரர்கள் மைதானத்திலேயே நக்கலடித்தார்கள்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். ஃபாக்ஸ் என்ன செய்தார் என்றால், ஆடுகிறவருக்கு ஏற்றபடி கூடத்தையே கோணலாக்கினார்! கல்லூரி ஆட்டத்தில் புழங்கும் ஒரு உத்தியைக் கொண்டுவந்தார். எதிரணியின் ஓரத்து ஆள் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். அவர் ஓட்டக்காரர் மேல் பாய்ந்தால் டீபோ பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார். டீபோ மேல் பாய்ந்தால் பந்து ஓட்டக்காரருக்கு. வழக்கமாகக் குவார்ட்டர்பேக் ஓடமாட்டார் என்பதால் தடுப்பவர்களுக்கு ஒரு ஆள் லாபம். டீபோ ஓடுவார் என்றதும் அந்த லாபம் போய்விட்டது. அந்த வருஷம் லீகிலேயே ஓடி அதிக தூரம் எடுத்த அணி டென்வர்தான்.

நவம்பர் 6-ல் ஓக்லண்டில் தொடங்கி ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள். கன்சாஸ் சிட்டியில் டீபோ மொத்தமே 8 தடவைதான் எறிந்தார், அதில் 2 மட்டும் கை சேர்ந்தது. அதில் ஒன்று 56 கஜம் போய் 6 புள்ளி! வெற்றி 17-10. நான்கு நாள் கழித்து நியூயார்க் ஜெட்ஸ். கடைசி ஆறு நிமிஷத்தில் 95 கஜம் கடந்து, 58 விநாடி மிச்சம் இருக்கும்போது 20 கஜம் தானே ஓடி முடித்தார். 17-13.

சிகாகோ ஆட்டம்தான் உச்சம். டென்வர் 10-0 என்று பின்தங்கியிருந்தது. சிகாகோவின் மேரியன் பார்பர் மைதானத்துக்கு உள்ளேயே விழுந்திருந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். மனுஷன் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார், கடிகாரம் நின்றது. அந்த மிச்ச நேரத்தில் பிரேட்டர் 59 கஜத்திலிருந்து உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அதே பார்பர் பந்தைக் கைநழுவ விட்டார். பிரேட்டர் மறுபடி 51 கஜத்திலிருந்து உதைத்தார். 13-10.

நாடே டீபோ, டீபோ என்றது. பார்பர் பந்தை நழுவவிட்டதற்கு டீபோ என்ன செய்தார்? காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதானே என்று எதிர்க்கட்சி கேட்டது. நியாயமான கேள்வி.

நான் அந்த சீசனின் ஸ்கோர்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். டீபோ தொடக்கத்திலிருந்து ஆடிய 11 ஆட்டத்தில் 7 வெற்றி. அந்த ஏழில் ஐந்தில் டென்வர் எடுத்தது 18 புள்ளியோ அதற்கும் குறைவோதான். அந்த ஐந்திலும் எதிரணி 15-ஐத் தாண்டவில்லை. மூன்று வெற்றிகள் கூடுதல் நேரத்தில், மூன்றையும் முடித்தது பிரேட்டரின் கால். ஜெட்ஸ் ஆட்டத்தில் 7 புள்ளி வந்தது தடுப்பாட்டக்காரர் ஒருவர் பந்தைப் பறித்து ஓடியதால். தோற்ற நான்கில் மூன்றில் எதிரணி நாற்பதைத் தொட்டது அல்லது தாண்டியது. நான்காவதில் எதிரணி எடுத்தது வெறும் 7. அன்று டென்வர் எடுத்தது 3. டீபோ 22 தடவை எறிந்ததில் 6 தான் கை சேர்ந்தது. தடுப்பாட்டம் நின்றால் அணி நின்றது, அது சரிந்தால் அணியும் சரிந்தது.

அப்படியானால் டீபோ வெறும் அதிர்ஷ்டக்காரரா? அதுவும் சரியில்லை. அந்த சீசன் முழுக்க 271 தடவை எறிந்ததில் எதிராளி பறித்தது 6 மட்டும். கை சேர்ந்தது நூற்றுக்கு 46.5. மற்ற குவார்ட்டர்பேக்குகளுக்கு அது அறுபதை ஒட்டி இருக்கும். அதாவது அவர் தவறவிட்ட பந்துகள் பெரும்பாலும் தரையில் விழுந்தன, எதிராளி கையில் அல்ல. தானே ஓடி 660 கஜம் எடுத்தார். தடுப்பாட்டம் எதிராளியைப் பத்துப் பன்னிரண்டு புள்ளியில் நிறுத்துகிறது. இவர் பந்தைத் தொலைக்காமல் ஆட்டத்தைக் கடைசி ஐந்து நிமிஷம் வரை இழுத்து வருகிறார். அங்கே பிரேட்டர் நிற்கிறார். அந்த அணி ஜெயித்த முறை இதுதான். ஒரு ஆளின் பெயரில் எழுதப்பட்ட கணக்கு, ஆனால் கூட்டுக் கணக்கு.

8 வெற்றி 8 தோல்வி என்று தட்டுத் தடுமாறிப் பிளேஆஃப் போனார்கள். 2012 ஜனவரி 8, எதிரே பிட்ஸ்பர்க். அந்த வருஷம் லீகிலேயே மிகக் குறைவாகப் புள்ளி கொடுத்த தடுப்பாட்டம் அவர்களுடையது. டீபோவால் எறிய முடியாது என்ற தைரியத்தில், ஓட்டத்தைத் தடுக்க ஆட்களை முன்னால் குவித்தார்கள். பின்னால் காலி. கூடுதல் நேரத்தின் முதல் பந்திலேயே டீபோ டிமேரியஸ் தாமஸுக்கு எறிந்தார். தாமஸ் ஒரு ஆளை ஒற்றைக் கையால் தள்ளிவிட்டு ஓடினார், 80 கஜம். 11 விநாடியில் ஆட்டம் முடிந்தது, 29-23. அவர் எறியமாட்டார் என்ற நம்பிக்கைதான் அவருக்கு எறிய இடம் கொடுத்தது! அன்று அவர் எறிந்து எடுத்த தூரம் 316 கஜம். கல்லூரியில் முகத்தில் எழுதிக்கொண்ட வசனம் யோவான் 3:16. நாடு என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள் :-)

அடுத்த வாரம் நியூ இங்கிலாந்திடம் 45-10 தோல்வி. மார்ச் மாதம் எல்வே பெய்ட்டன் மேனிங்கைக் கூட்டி வந்து, டீபோவை ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார். 1987 ஜனவரியில் கிளீவ்லண்டில் கடைசி நிமிஷங்களில் 98 கஜம் கடந்து சரித்திரம் படைத்தவர் இதே எல்வே. 95 கஜம் கடந்த பையனை அவரே நம்பவில்லை. ஜெட்ஸ் 2012-ல் டீபோவை 8 தடவைதான் எறியவிட்டது. அதற்கப்புறம் அவர் எந்த அணிக்கும் சீசன் ஆட்டம் ஆடவே இல்லை. பேஸ்பாலில் சில வருஷம் முயன்றார். 2021-ல் வேறு இடத்துக்கு ஆட ஜாக்சன்வில் அணிக்கு வந்து, சீசனுக்கு முன்பே கழற்றிவிடப்பட்டார்.

விவாதத்தில் இன்னொரு குரலும் இருந்தது. வழக்கத்துக்கு மாறாக ஆடுகிற உரிமை யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வி. நன்றாகவே எறியத் தெரிந்த வாரன் மூனை 1978-ல் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை, கறுப்பர் என்பதால். கனடாவுக்குப் போய் ஐந்து வருஷம் தொடர்ந்து கோப்பை வென்ற பிறகுதான் கதவு திறந்தது. லமார் ஜாக்சனிடம் 2018-லும் வேறு இடத்துக்கு மாறச் சொன்னவர்கள் இருந்தார்கள். பால்ட்டிமோர் அவரை மாற்றாமல் ஆட்டத்தை அவருக்காக மாற்றியது. 2019-ல் ஒரு ஓட்டு கூடக் குறையாமல் அவர்தான் லீகின் சிறந்த ஆட்டக்காரர்.

மேனிங்கை எடுத்தது சரியா? சரிதான். 2013-ல் 55 டச்டவுன் எறிந்து சாதனை படைத்தார். ஆனால் அந்த சீசனின் சூப்பர் பௌலில் சியாட்டிலிடம் 43-8 என்று தோற்றார்கள். டென்வர் கோப்பை வாங்கியது 2016 பிப்ரவரியில். அந்த சீசனில் வயதான மேனிங் எறிந்து வந்த டச்டவுன் 9, எதிராளி பறித்தது 17. இறுதி ஆட்டத்தில் அவர் எறிந்து எடுத்தது 141 கஜம். ஜெயித்துக் கொடுத்தது தடுப்பாட்டம். ஆட்ட நாயகன் வான் மில்லர். அவர் டென்வருக்கு வந்த வருஷம் எது தெரியுமா? 2011. டீபோ புகழ் பாடப்பட்ட அந்த வெற்றிகளில் மறுபக்கம் நின்று எதிராளியைப் புரட்டிக்கொண்டிருந்த புதுப் பையன் அவர்தான்.

சரியாக எறிய முடியாத குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு கோப்பையே வாங்கலாம் என்று கடைசியில் எல்வேயின் அணியே காட்டிவிட்டது. ஆனால் அந்த வருஷம் யாரும் மேனிங்கைப் பார்த்து "இவன் எப்படி ஜெயிக்கிறான்" என்று சண்டை போடவில்லை. பழைய புகழ் அந்தக் கேள்வியை எழவிடவில்லை.

ஆபீஸ் அப்ரைசலிலும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டிலும் நாம் இரண்டு கட்சியாகத்தான் பிரிகிறோம். ரிசல்ட்டைப் பார் என்று ஒருவர், முறையைப் பார் என்று ஒருவர். என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் அந்த ரிசல்ட்டில் யார் யார் பங்கு எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்கு எழுதிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் டீபோவுக்குக் கிடைத்த புகழ் அதிகம். அவருக்கு அப்புறம் கிடைத்த வாய்ப்பு குறைவு. பிரேட்டருக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம்.

நீங்கள் எல்வே இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?