மயிற்கழுத்து மை

தமிழிலே 'மை' என்னுஞ் சொல்லுக்கு முதற்கண் அமைந்த பொருள் கருமை என்பதாகும். கண்ணுக்குத் தீட்டும் அஞ்சனம் மை. ஏட்டிலே பூசுங் கரி மை. மழை முகிலின் இருளும் மையே. ஆதலால், 'கறுப்பு மை' என்பது நம் முன்னோர் காதுக்குக் கூறியது கூறலாகவும், 'நீல மை' என்பது ஒரு முரணாகவுமே தோன்றியிருக்கும். அங்ஙனமிருக்க, மயிலின் கழுத்தை ஒத்து நீலமும் பச்சையுங் கலந்து மின்னும் மையொன்றை ஊற்றுப்பேனையில் இட்டு, "இதுவே எனக்கு உகந்த மை" என்று ஒருவர் சொல்லும் நிலை எவ்வாறு வந்தது? கருமையொன்றையே மையென அறிந்திருந்த சமூகம் நிறத்தைத் தெரிந்தெடுக்கத் தொடங்கிய வரலாறு, மைப்போத்தலின் வரலாறு மட்டுமன்று, எழுதுவோனின் வரலாறுமாகும். யாழ்ப்பாணத்து வலிகாமத்திலே அளவெட்டி என்னும் ஊரை மனத்திற் கொண்டு அதனைச் சிறிது நோக்குவோம்.

முதலில் இந்நிறத்தின் பெயரைக் கவனிப்போம். ஐரோப்பியர் இந்நிறத்தை ஓர் இரத்தினக்கல்லின் பெயரால் அழைப்பர். பாரசீகத்து நிசாப்பூர்ச் சுரங்கங்களில் அகழப்பெற்ற அக்கல், துருக்கியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தமையால், பிரெஞ்சு மக்கள் அதற்குத் 'துருக்கியக் கல்' என்று பொருள்படும் பெயரை இட்டனர். நமக்கோ அந்தக் கல்லும் வேண்டியதில்லை, அந்தப் பெயரும் வேண்டியதில்லை. பட்டு நெய்வோர் நெடுங்காலமாகவே இதனை 'மயிற்கழுத்து' என்று வழங்கி வருகின்றனர். நாட்டு மருந்துக் கடைகளில் துருசு என விற்கப்படும் நீலப் பொருளுக்கும் 'மயில்துத்தம்' என்று மறுபெயருண்டு. இதிலே வியப்பான ஓர் ஒற்றுமை காணப்படுகிறது. துருக்கியக் கல்லுக்கு நிறம் தருவது செம்பு. மயில்துத்தத்துக்கு நிறம் தருவதும் செம்பு. மயிற்கழுத்து மையிலும் அதே செம்பு வந்து சேர்ந்த கதையைப் பின்னர்க் காண்போம்.

அளவெட்டி செம்மண் தோட்டங்களும் பனங்கூடல்களும் நிறைந்த ஊர். கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலாலும் நாதசுர, தவிற் கலைஞர்களாலும் பெயர் பெற்ற ஊர். பனையுள்ள இடத்தில் ஏட்டுக்குக் குறைவில்லை. ஓலையைப் பதமாக அவித்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியாற் கீறினர். கீறிய எழுத்து ஓலையின் நிறமாகவே இருக்குமாதலால், விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச் சாற்றிலோ குழைத்துப் பூசித் துடைப்பர். கரி கீறலிற் படிந்து எழுத்தைக் காட்டும். இங்கே மை எழுதுவதன்று, எழுதியதைத் துலக்குவது. மை அழியினும் எழுத்து அழியாது. மீண்டுங் கரி பூசினால் எழுத்து மீண்டுந் தோன்றும். இக்குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். ஏனெனில், பின்வந்த மை எதற்கும் இது வாய்க்கவில்லை.

1816ஆம் ஆண்டில் அளவெட்டிக்கு அயலூராகிய தெல்லிப்பழையிலே அமெரிக்க மிசனார் தம் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. கல்லூரியும் கச்சேரியும் நீதிமன்றும் பெருகப் பெருக, ஓலையின் இடத்தைக் காகிதமும், எழுத்தாணியின் இடத்தைத் தொட்டெழுதும் பேனையும் கைப்பற்றின. காகிதத்தில் எழுத, வடியக்கூடிய மை வேண்டும். அதற்கு அக்காலத்தார் அறிந்த நல்ல வழி இரும்பு மை. கடுக்காயை இடித்து நீரில் ஊறவைத்து, அதனோடு அன்னபேதியைச் சேர்ப்பர். கடுக்காயின் துவர்ப்பு அன்னபேதியிலுள்ள இரும்போடு கூடி, காற்றுப்பட்டதும் கருமையடையும். ஐரோப்பியர் கடுக்காய்க்குப் பதிலாக மாசிக்காயைக் கொண்டனர், நியதி ஒன்றே. இந்த மை காகிதத்தின் நாருக்குள் ஊறி அங்கேயே கறுத்துப் போகின்றமையால், நீர் பட்டாலும் எளிதில் நீங்குவதில்லை. காணி உறுதிக்கும் பிறப்புப் பதிவுக்கும் இது ஏற்றதாயிற்று.

இம்மையில் ஒரு குறையிருந்தது. எழுதும்போது அது வெளிறித் தோன்றும். நேரஞ் சென்ற பின்னரே கறுக்கும். எழுதுவோன் தன் எழுத்தைத் தானே காண்பதற்காக அதிலே நீலச் சாயத்தைக் கலந்தனர். இலண்டனில் 1830களில் ஹென்றி ஸ்டீபன்ஸ் என்பார் இத்தகைய மையைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். எழுதும்போது நீலமாகவும் நாட்பட்டபின் கறுப்பாகவும் மாறுவதால் அது 'நீலக்கறுப்பு' எனப் பெயர் பெற்றது. பிரித்தானிய ஆட்சி பரவிய இடமெங்கும் அலுவலக மேசைகளை ஆண்ட மை இதுவே. நீலம் மைக்குள் நுழைந்தது அழகுக்காக அன்று. கறுப்பு வரும்வரை காவல் நிற்பதற்காக!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலிகாமத்து இளைஞர் பலர் எழுதுவினைஞராகக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றனர். தோட்டம் ஒரு கையும் பேனை மறு கையுமாகக் குடும்பங்கள் வாழ்ந்தன. இக்காலத்தில் வந்ததுதான் ஊற்றுப்பேனை. 1884ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய வாட்டர்மன் தமது பேனைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். மையைத் தன்னுள்ளே அடக்கிய பேனைக்குப் பழைய இரும்பு மை ஒத்துவரவில்லை. அதன் மண்டி உள்வழியை அடைத்தது, அதன் அமிலம் உலோகத்தை அரித்தது. ஆகவே மண்டியில்லாத, வெறுஞ் சாயத்தாலான மைகளைக் கம்பனிகள் நாடின. ஷீபர் கம்பனியின் 'ஸ்கிரிப்' 1922இலும், பார்க்கர் கம்பனியின் 'குயிங்க்' 1931இலும் வெளிவந்தன. இந்தியாவிலே சுதேசிய உணர்ச்சியால் வங்காளத்தில் 1934இல் 'சுலேகா' மை பிறந்தது. 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகளை வரவேற்ற யாழ்ப்பாணத்துக்குச் சுதேசியம் புதிய சொல்லன்று.

இரும்பு நீங்கியதும் மைக்குக் கறுப்பாக இருக்கவேண்டிய கட்டாயமும் நீங்கிற்று. சாயத்துக்கு எந்த நிறமாயினும் ஒன்றே. ஆயினும் நல்ல நீலப்பச்சைச் சாயம் எளிதிற் கிட்டவில்லை; கிடைத்தவை வெயிலில் விரைந்து வெளிறின. இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1928ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்தின் கிரேஞ்மவுத் நகரிலிருந்த சாயத் தொழிற்சாலையொன்றில், வெண்ணிறமாக வரவேண்டிய ஒரு பொருளில் நீலப் பொருளொன்று கலந்து காணப்பட்டது. கொள்கலத்தின் உட்பூச்சு வெடித்தமையால், வெளியிலிருந்த இரும்பு உள்ளே கலந்ததே அதன் காரணம். பேராசிரியர் லின்ஸ்டெட் இலண்டனில் அதன் அமைப்பை ஆராய்ந்து, 1934இல் முடிவுகளை வெளியிட்டார். இரும்பின் இடத்திற் செம்பை வைத்தபோது மிகச் சிறந்த நீலம் கிடைத்தது. 'தாலோசயனைன்' எனப்படும் அச்செம்பு நீலம் 1935இல் விற்பனைக்கு வந்தது. நீரிற் கரையாத அந்நீலத்தைக் கந்தகவமிலத்தால் பக்குவஞ் செய்தால், அது நீரிற் கரையும், நிறமும் மயிற்கழுத்தாகும்.

இப்பொருளின் அமைப்பைக் கேட்போர் வியவாதிரார். நான்கு கூறுகள் வளையமாய்ச் சூழ, நடுவிலே ஓர் உலோக அணு அமர்ந்திருக்கும். இலையின் பச்சையத்திலும் இதையொத்த வளையமே உண்டு. அங்கே நடுவில் மக்னீசியம். நம் குருதியின் செம்மையிலும் அத்தகைய வளையமே. அங்கே நடுவில் இரும்பு. மையில் மட்டும் செம்பு. கடுக்காய் மையின் கருமையை இரும்பு தந்தது. மயிற்கழுத்து மையின் ஒளியைச் செம்பு தருகிறது. மையின் இரு யுகங்களை இவ்வாறு இரண்டு உலோகங்களாற் குறிப்பிடல் பொருந்தும்.

இனி எழுதுவோனிடம் வருவோம். 1927ஆம் ஆண்டில் அளவெட்டியிலே பிறந்த து. உருத்திரமூர்த்தி, 'மஹாகவி' என்னும் புனைபெயரால் ஈழத்துக் கவிதைக்கு நவீன வடிவந் தந்தவர். அவர் எழுதுவினைஞராக அரசாங்க சேவையிற் சேர்ந்து, பின்னர் நிருவாக சேவைக்கு உயர்ந்தவர். பகலிற் கோப்புகளுக்குக் குறிப்பெழுதிய கையே, 1966இல் நூலுருப் பெற்ற 'குறும்பா'வையும் எழுதிற்று. இத்தகைய ஊர்களில் எழுத்து இருவகைப்படும்: பதவிக்காக எழுதுவது ஒன்று, தனக்காக எழுதுவது மற்றொன்று. முன்னையதன் மையை அலுவலகமே தீர்மானிக்கும். ஆசிரியருக்குச் சிவப்பு, உறுதி முடிக்கும் நொத்தாரிசுக்குக் கறுப்பு அல்லது நீலக்கறுப்பு எனத் தொழில்தோறும் நிறமும் அமைந்துவிடும். எந்தப் பதவியும் ஏவாத நிறம் மயிற்கழுத்து. ஓலைக்காலந் தொட்டு எழுத்துக்குத் தொழில் நிறந் தந்தது. இங்கேதான் முதன்முதலாக எழுதுவோனின் விருப்பம் நிறந் தந்தது. இம்மையின் வரலாற்றுச் சிறப்பு இதுவேயென்று யான் கருதுகிறேன்.

ஆனால் விருப்பமொன்றே போதுமோ? பார்க்கர் கம்பனியார் 1940களின் பிற்பகுதியில் 'சூப்பர்குரோம்' என்னும் மைவரிசையை வெளியிட்டனர். அதிலே நீலப்பச்சையும் ஒன்று. நிறம் கண்ணைப் பறித்தது, எழுதியவுடன் உலர்ந்தது. எனினும் அவ்வேகத்துக்காகச் சேர்த்த காரம் பேனையின் உட்பாகங்களையே தாக்கியது. அதற்கென அமைந்த பேனை தவிர வேறெதிலும் இடலாகாதென்று எச்சரித்து விற்ற அம்மை, 1950களிலேயே வழக்கொழிந்தது. அழகிய மை, தன்னை ஏந்தும் பேனையை அழிப்பதாயின் அது நல்ல மையன்று.

பேனையைக் காட்டிலும் பெரிய இழப்பும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் போரினால் இடம்பெயர்ந்தனர். மாரிமழையில், நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்த அந்த இரவிலே, பெட்டிகளிலும் பைகளிலும் மக்கள் காத்துச் சென்றவற்றில் உறுதிகளும் சான்றிதழ்களும் கடிதங்களும் இருந்தன. அத்தகைய மழையில் மையின் இரசாயனம் ஏட்டுக் கல்வியாக இருப்பதில்லை. இரும்பு மையால் எழுதியது நனைந்தாலும் எஞ்சும். சாய மையால் எழுதியது நீரோடு நீராகக் கலைந்துபோகும். காணிக்கு உரிமை கோரி மீள்வோனுக்கு அக்கடதாசி ஒன்றே சாட்சியாகலாம். மறைந்த தாயின் எழுத்தைப் பார்க்க விரும்புவோனுக்கோ அக்கடிதம் ஒன்றே எச்சமாகலாம். முன்னையது சட்டத்துக்கு வேண்டும். பின்னையது வாழ்வுக்கு வேண்டும். இரண்டில் எது சிறிதென்று யார் சொல்வார்?

ஆகையால், மயிற்கழுத்து மையைத் தெரிந்தெடுக்க விரும்புவோர் நான்கு சோதனைகளைச் செய்து பார்த்தல் நன்று. முதலாவது, வெயிற் சோதனை. எழுதிய தாளிற் பாதியை அட்டையால் மூடி, ஒரு மாதம் யன்னலோரத்தில் வைக்க வேண்டும். செம்புச் சாயம் பெரிதும் நிலைத்து நிற்கும். மலிவான வேறு சாயங்கள் வெளிறிவிடும். போத்தலின் நிறம் ஒன்றாயிருப்பினும், உள்ளே இருப்பது ஒன்றல்ல. இரண்டாவது, நீர்ச் சோதனை. ஒரு துளி நீரை எழுத்தின்மேல் விட்டு, ஒற்றுத்தாளால் ஒற்ற வேண்டும். எஞ்சுவது எத்துணையென்று பார்க்க வேண்டும். மூன்றாவது, தாட் சோதனை. பள்ளிக் கொப்பியின் மெல்லிய தாளில் ஊறிப் பரவாமலும் மறுபுறங் காட்டாமலும் இருத்தல் வேண்டும். நான்காவது, பேனைச் சோதனை. இவ்வகை மைகள் சில கூரின் மேற்புறத்திற் பரவி உலர்ந்து படிந்துவிடும். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இது விரைந்து நிகழும். கிழமை சில கழிந்தபின் பேனையை வெறுநீராற் கழுவினால், நிறம் முற்றாக நீங்க வேண்டும். இந்நான்கிலும் தேறியவற்றுள் கண்ணுக்கு இனியது எதுவோ அதுவே உகந்த மை.

வீட்டில் இரண்டு மைப்போத்தல்கள் இருத்தல் சாலச் சிறந்தது. காணி, கடன், பிறப்பு, இறப்பு ஆகியவற்றை நீலக்கறுப்பில் எழுதுவோம். அவை நம்மையறியாத அதிகாரியும் நாளை படிக்க வேண்டியவை. பிள்ளைக்கும் நண்பனுக்கும் எழுதுங் கடிதத்தையும், ஒருவருக்குங் காட்டாது எழுதும் கவிதையையும் மயிற்கழுத்தில் எழுதுவோம். அவை நம்மை அறிந்தோர் நம் கையை அடையாளங் காணவேண்டியவை. ஆயினும் அவற்றை நனையாத உறையிலிட்டுப் பேணுவதும், அருமையானவற்றைப் படியெடுத்து வைப்பதும் நம் கடமை. ஓலையிற் கீறிய எழுத்தை மீண்டுங் கரி பூசித் துலக்கலாம். சாயம் கரைந்த தாளிலோ துலக்குவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை.