பேகம்பேட் கொசுவும் மொரீஷியஸ் கப்பலும்

ஹைதராபாத்தின் பேகம்பேட் பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரொனால்ட் ராஸ் பெயரில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1897 ஆகஸ்ட் 20 அன்று அவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது அங்கேதான். வெயில் கொளுத்தியபோதும் பங்கா இழுக்க விடமாட்டாராம். காற்றில் கொசு பறந்துவிடும். வேர்வை பட்டுப் பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்தன. ஹுசைன் கான் என்ற நோயாளிக்கு, தன்னைக் கடிக்கவிட்ட கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ராஸுக்கு 1902-ல் நோபல் பரிசு. ஹுசைன் கானுக்கு அணாக்களோடு சரி.

அந்தப் பக்கத்தில் டிராவல் ஏஜென்சி நடத்தியவன் நான், சிக்கந்தராபாத் தமிழன். மொரீஷியஸுக்குத் தேனிலவு பேக்கேஜ் போட்டுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ராஸும் 1907 கடைசியில் அதே தீவுக்குப் போனவர் என்று தெரிந்ததும் அந்த ஊரின் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். கல்கத்தாவிலிருந்து அதிகம், சென்னையிலிருந்தும் கணிசம். ஆட்கள் வேண்டும், ஆனால் அவர்களைக் கண்டால் பயம். 1856-ல் காலராவோடு வந்த இரண்டு கப்பல்களின் கூலிகளைப் பக்கத்திலிருந்த கேப்ரியல் தீவில் இறக்கிவிட்டார்கள். நிழலுக்கே வழியில்லாத அந்தத் திட்டில் இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதில் ஒரு கப்பலின் பெயர் ஹைதரி. இந்திய அரசு சில மாதம் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பிறகு பழையபடி கப்பல்கள் ஓடின. கரும்பு காத்திருக்குமா?

பத்து வருஷம் கழித்து மலேரியா. 1867 ஒரே ஆண்டில் தீவில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் செத்துப்போனார். போர்ட் லூயியில் வசதி படைத்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டு நிலத்துக் கியூர்பிப்புக்குக் குடியேறினார்கள். நல்லவேளையாக 1865-ல்தான் அந்தப் பக்கம் ரயில் வந்திருந்தது. பகலில் துறைமுகத்தில் வியாபாரம், இரவுத் தூக்கம் குளிர்ந்த மேட்டில். ஒரு தீவுக்காரரின் அன்றாடப் பயணத்தையே காய்ச்சல் மாற்றிவிட்டது. ரயில் டிக்கெட்டுக்கு வக்கில்லாதவர்கள் கீழேயே கிடந்தார்கள். பழி மட்டும் கூலிகள் மேல்.

ஆனால் முப்பது வருஷமாகக் காய்ச்சல் ரத்தத்தோடுதானே இந்தியர்கள் அங்கே இறங்கிக்கொண்டிருந்தார்கள்? அப்போதெல்லாம் ஏன் பரவவில்லை? பரப்புகிற கொசு அங்கே இல்லை. அதுவும் ஏதோ ஒரு கப்பலில்தான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். பேகம்பேட்டில் ராஸ் கண்டது தெரிந்த பிறகுதான் இந்தக் கணக்கு நேரானது. மொரீஷியஸில் அவர் மலேரியாவின் அடையாளம் தேடி ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தார். ஆளைத் தடுப்பதைப் பற்றி அல்ல, தேங்கிய தண்ணீரை வடிப்பதைப் பற்றிப் பேசினார். என்னைக் கேட்டால் நோபலைவிட அது பெரிய காரியம்.

2020 மார்ச் 19-ல் கொரோனாவுக்குப் பயந்து மொரீஷியஸ் கதவைச் சாத்தியது. முந்தைய ஆண்டு பதின்மூன்று லட்சத்துக்கும் மேல் சுற்றுலாப் பயணிகள் வந்துபோன தீவு. கரும்பின் இடத்தில் இப்போது விருந்தாளி. என் புதுமணத் தம்பதிகளின் முன்பணம் பாதி முடங்கியது; அதைக்கூட விடுங்கள். கண் சிகிச்சைக்கு வந்திருந்த மொரீஷியஸ் தமிழ்த் தம்பதி சொந்த ஊருக்கே போக முடியாமல் இங்கே மாட்டிக்கொண்டார்கள். தமிழ் அரைகுறை, ஆனால் தைப்பூசக் காவடி தவறாத குடும்பம். "இந்தியாவுக்குப் போய்த் திரும்பினாலே சுகாதார ஊழியர் வீடு தேடி வந்து மலேரியாவுக்கு ரத்தம் எடுப்பார், அது எங்களுக்குப் பழக்கம்தான். இப்போது அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ, அதுதான் பயமாக இருக்கிறது" என்றார் அந்த அம்மா. கூலியாகப் போனவரின் கொள்ளுப்பேத்தி அவர். மாதக்கணக்கில் காத்திருந்து, சிறப்பு விமானத்தில் போய், ஹோட்டல் அறையில் பதினான்கு நாள் அடைபட்டு வீடு சேர்ந்தார்கள்.

2021 அக்டோபர் 1-ல் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தீவு முழுசாகத் திறந்தது. அந்த அம்மா போன் செய்தார். தன் மருமகன் ஹோட்டல் வேலைக்குத் திரும்பிவிட்டாராம், இந்தியாவிலிருந்து ஆட்களை அனுப்பி வைக்க வேண்டுமாம். கையோடு, பழனிக்கு எப்போது டிக்கெட் கிடைக்கும் என்றும் கேட்டார்.