அணிவகுப்பிலிருந்து அடுக்களை வரை: கனடாக் கோட்டைகளில் வரலாற்று மீள்நிகழ்த்தலின் வளர்ச்சி

1748 அக்டோபரில் கையெழுத்தான ஏ-லா-ஷப்பேல் உடன்படிக்கை சென்னையை ஆங்கிலேயரிடமும், வட அமெரிக்காவின் லூயிஸ்பர்க்கைப் பிரெஞ்சுக்காரரிடமும் திருப்பித் தந்தது. 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே பிடித்த புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஈடாக, 1745இல் நியூ இங்கிலாந்துப் படை பிடித்த கேப் பிரெட்டன் தீவின் கோட்டை நகரம் கைமாறியது. அதன்பின் இரண்டும் வெவ்வேறு வழியில் போயின. சென்னைக் கோட்டை ஆட்சிப் பீடமாகவே தொடர்ந்து, இன்று சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்கும் இடமாக இருக்கிறது. லூயிஸ்பர்க்கை 1758இல் மறுபடி கைப்பற்றிய பிரிட்டிஷார் 1760இல் அதன் அரண்களை வெடிவைத்துத் தகர்த்தனர். இரு நூற்றாண்டுகள் கழித்து அந்த இடிபாட்டின் மேல் நகரின் ஒரு பகுதி மீண்டும் எழுந்தது. 18ஆம் நூற்றாண்டு உடையணிந்தவர்கள் அதில் நடமாடத் தொடங்கினர்.

கோட்டைகளில் கடந்த காலத்தை நடித்துக் காட்டும் ‘வாழும் வரலாறு’ கனடாவில் எப்படி வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எதை நடிப்பது என்பதைப் பழைமைப் பற்று மட்டும் தீர்மானிக்கவில்லை. வேலையின்மையும், எஞ்சிய ஆவணங்களும், நடிப்பதற்கென்று தேர்ந்த ஆண்டும் சேர்ந்தே அதைத் தீர்மானித்தன என்பது இதன் வாதம்.

கிங்ஸ்டன்: அணிவகுப்பே காட்சி

ஒன்டாரியோ மாகாணத்தின் கிங்ஸ்டனில் உள்ள ஹென்றி கோட்டை, 1832 முதல் 1837 வரை ரிடோ கால்வாயையும் கடற்படைத் தளத்தையும் காப்பதற்காகக் கட்டப்பட்டது. எதிரியின் தாக்குதலை அது ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, வேலையற்றோருக்குக் கூலி தரும் திட்டமாக அதன் சீரமைப்பு நடந்தது. 1938 ஆகஸ்ட் 1 அன்று பிரதமர் மெக்கன்சி கிங் கோட்டையைத் திறந்துவைத்தார்.

சீரமைப்பை வழிநடத்திய வரலாற்றாளர் ரொனால்டு வே, கட்டடம் மட்டும் பார்வையாளரை ஈர்க்காது என்று கருதினார். மாணவர்களைத் திரட்டி ‘ஹென்றி கோட்டைக் காவலர்’ அணியை உருவாக்கினார். 1867ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலாட்படைப் பயிற்சி, சிவப்புச் சட்டை, குழலும் முரசும், பீரங்கி முழக்கம் ஆகியவையே அதன் அடையாளங்கள். இரண்டாம் உலகப் போரில் கோட்டை கைதிகள் முகாமானதால் நின்றுபோன நிகழ்ச்சி 1948இல் மீண்டும் தொடங்கியது. போரே காணாத கோட்டையில் காட்டுவதற்கு ஒழுங்கும் கம்பீரமும்தான் இருந்தன. சிப்பாயின் குடும்பமோ, அவன் உண்ட உணவோ, பட்ட கடனோ அந்த அணிவகுப்பில் இடம்பெறவில்லை.

லூயிஸ்பர்க்: சுரங்கமும் ஆவணமும்

1950களின் இறுதியில் கேப் பிரெட்டனின் நிலக்கரித் தொழில் சரிந்தது. அதை ஆராய்ந்த நீதிபதி ஐவன் ராண்ட் ஆணையம், தீவின் பொருளாதாரத்துக்கு மாற்றுவழியாக லூயிஸ்பர்க்கின் ஒரு பகுதியை மீளக் கட்டுமாறு 1960இல் பரிந்துரைத்தது. பணி 1961இல் தொடங்கியது. வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர்கள் கல்தச்சும் மரத்தச்சும் கற்றார்கள். பழைய நகரின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை எழுப்பச் சுமார் 25 மில்லியன் டாலர் செலவாயிற்று. திட்டத்தின் தொடக்கத்தில் ஆலோசகராக அமர்ந்தவர் அதே ரொனால்டு வே.

ஆனால் கிங்ஸ்டனின் பாணி இங்கே செல்லவில்லை. பிரெஞ்சு நிர்வாகம் எதையும் எழுதிவைக்கும் பழக்கம் கொண்டது. நீதிமன்ற விசாரணைகள், இறந்தோரின் உடைமைப் பட்டியல்கள், கட்டுமானக் கணக்குகள் என ஏறக்குறைய 7,50,000 பக்கங்களும் 500 வரைபடங்களும் பல நாட்டுக் காப்பகங்களிலிருந்து படியெடுத்துச் சேர்க்கப்பட்டன. அகழாய்வில் கிடைத்த பாண்டங்களும் ஆணிகளும் அவற்றோடு ஒப்பிடப்பட்டன. எந்த வீட்டில் யார் இருந்தார், அடுப்படியில் எத்தனை செம்புப் பாத்திரம் என்பதுவரை தெரியவந்தபோது, நடிப்பின் மையம் முற்றத்திலிருந்து வீட்டுக்குள் நகர்ந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எஞ்சிய அடித்தளங்களைக் கலைத்தே பல இடங்களில் புதிய சுவர் எழுந்தது. நினைவுச் சின்னங்களில் ஊகத்தால் மீளக் கட்டுவதை ஏற்காத வெனிஸ் சாசனம் வந்தது 1964இல். அதற்குள் லூயிஸ்பர்க் வெகுதூரம் போய்விட்டிருந்தது.

1744ஆம் ஆண்டின் கோடை

1970களில் வேடமேற்ற விளக்குநர்கள் பணியமர்த்தப்பட்டபோது, நகரம் 1744ஆம் ஆண்டின் கோடையில் நிறுத்தப்பட்டது. போர் அறிவிக்கப்பட்டுவிட்டது, முற்றுகை இன்னும் வரவில்லை. எனவே தோஃபேன் வாயிலில் நிற்கும் காவலன், வருபவரை ஆங்கில உளவாளியா என்று விசாரிப்பது வேடிக்கையாகவும் காலத்துக்குப் பொருத்தமாகவும் அமைகிறது.

உணவு விடுதிகளில் இந்த முறையின் நுட்பத்தை நேரில் காணலாம். எளியோருக்கான கிராஞ்ஷான் விடுதியில் கத்தியும் முள்கரண்டியும் தரமாட்டார்கள். கையில் ஒரு பெரிய கரண்டி மட்டும் வரும், ஏனென்றால் அக்காலத்தில் கத்தியை அவரவரே இடுப்பில் வைத்திருந்தனர். வசதி படைத்தோரின் விடுதியில் மேசை வேறு, பாத்திரம் வேறு. அரசரின் ரொட்டிக்கூடத்தில் சிப்பாய்க்கான கரிய ரொட்டி விற்கிறார்கள். 4 நாளுக்கு 6 பவுண்டு ரொட்டி என்பது சிப்பாயின் பங்கு. வர்க்க வேறுபாடு என்னவென்று பார்வையாளர் பல்லில் உணர்கிறார்.

இருந்தாலும் கோடையைத் தேர்ந்தது நடுநிலையான முடிவன்று. 1744 டிசம்பரில் சுவிஸ் கரேர் படைப்பிரிவு தொடங்கிவைத்த கலகத்தில் கோட்டைச் சிப்பாய்கள் பெரும்பாலும் சேர்ந்தனர். கெட்டுப்போன உணவும், கட்டுமான வேலைக்கு உரிய கூலி கிடைக்காததும் அவர்களின் குறைகள். நகரத்தை உலுக்கிய இந்நிகழ்வு, கோடையோடு நிற்கும் நாடகத்தில் காட்சியாக இடம்பெற வழியில்லை. அதை வாய்மொழியாகச் சொல்லத்தான் முடியும். முற்றுகையின் 250ஆம் ஆண்டான 1995இல் தன்னார்வ மீள்நிகழ்த்துநர்கள் பெருந்திரளாகப் பாசறை அமைத்துப் போரை நடித்தது, நாள்தோறும் நடக்கும் நிகழ்வுகளிலிருந்து இதனால்தான் தனித்து நிற்கிறது.

ஆவணத்தின் ஓரத்தில் நின்றவர்கள்

அண்மைப் பத்தாண்டுகளில் கேள்வி ‘எப்படி வாழ்ந்தார்கள்’ என்பதிலிருந்து ‘யார் வாழ்ந்தார்கள்’ என்பதற்கு மாறியிருக்கிறது. காட் மீன் கருவாட்டு வணிகத்தால் செழித்த இத்துறைமுகத்தில் அடிமைகள் 200க்கும் மேற்பட்டோர் இருந்ததை வரலாற்றாளர் கென் டொனோவன் ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டினார். கினியிலிருந்து கொண்டுவரப்பட்ட மரி மார்கெரித் ரோஸ் அவர்களில் ஒருவர். 1755இல் விடுதலை பெற்று, மிக்மாக் இனத்தவரான ஜான்-பப்தீஸ்த் லொரானை மணந்து, மதுக்கடை நடத்தினார். 1757இல் இறந்தார். 2008இல் கனடா அரசு அவரைத் தேசிய வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவராக அறிவித்தது.

அவரைப் பற்றி இவ்வளவு தெரிவதற்கு, இறந்தபின் அவருடைய உடைமைகளை எழுத்தர் ஒருவர் பட்டியலிட்டது முக்கியக் காரணம். அத்தகைய பட்டியல் எதிலும் ஏறாத அடிமைகளுக்கும், பிரெஞ்சுக்காரர் வருமுன்பே அம்மண்ணை ஆண்ட மிக்மாக் மக்களுக்கும் இந்த வாய்ப்பு குறைவு. சான்றில்லாததை நடிக்கக் கூடாது என்ற நெறி, ஊகத்தைத் தடுக்கும் அதே வேளையில், காலனி நிர்வாகம் யாரைக் கணக்கில் கொண்டதோ அவர்களுக்கே மேடையைத் தருகிறது.

முடிவுரை

கிங்ஸ்டனில் தொடங்கிய படைக்காட்சி, லூயிஸ்பர்க்கில் இல்லக்காட்சியாக விரிந்து, இன்று விடுபட்டோரைத் தேடுகிறது. இரு கோட்டைகளுக்கும் முதல் தூண்டுதல் வேலையின்மை. இரண்டும் வேறுபட்டதற்குக் காரணம் ஆவண வளம். ஆகவே இத்தகைய நிகழ்வுகளை மதிப்பிடும் ஆய்வாளர், பொத்தானும் தையலும் சரியாக உள்ளனவா என்று பார்த்தால் மட்டும் போதாது. எந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டது, அது எந்த மாதத்தோடு நிறுத்தப்பட்டது, எந்த எழுத்தரின் கணக்குப் புத்தகம் கதைக்கு ஆதாரமானது என்று கேட்க வேண்டும். இந்த மூன்றையும் வாயிலிலேயே பார்வையாளருக்குத் தெரிவிக்கும் கோட்டையே தன் வரலாற்றை நேர்மையாக நிகழ்த்துகிறது எனலாம்.